வீட்டுக்குள் நாற்றுமேடை: ரொறன்ரோவில் விதை போடும் காலம்

மார்ச் மாதத்தில் ரொறன்ரோவில் பின்வளவைப் பார்த்தால், அங்கே ஏதும் முளைக்கும் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். மண் இறுகிக் கிடக்கும். வேலியோரத்தில் கறுத்துப்போன பனி இன்னும் கரையாமல் குவிந்திருக்கும். ஆனால் ஓகஸ்டில் உங்கள் வளவில் கத்தரிக்காய் பறிக்க வேண்டுமென்றால், அதன் விதை இந்த மார்ச்சிலேயே வீட்டுக்குள் ஒரு சாடியில் விழுந்திருக்க வேண்டும். உறைபனி இல்லாமல் இங்கே நமக்குக் கிடைப்பது மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் முற்பகுதி வரை, ஏறத்தாழ ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்திலும் இரவுகள் உண்மையில் சூடாக இருப்பது பாதிக் காலம்தான். கத்தரியும் மிளகாயும் கேட்பது அந்தச் சூட்டை.

விதைப் பையில் ‘75 நாள்’ என்று போட்டிருப்பதைப் பலர் விதை போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்று நாற்றாக நடும் பயிர்களுக்கு அந்தக் கணக்கு நாற்றைத் தோட்டத்தில் நட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டு மாதம், இரண்டரை மாதம் அது வீட்டுக்குள் வளர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தை எப்படி நடத்துவது என்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் நாள் குறிப்பது. இதை முன்னோக்கி எண்ணக் கூடாது, பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். இங்குள்ள தோட்டக்காரர்கள் பரம்பரையாக வைத்திருக்கும் அடையாளம் விக்டோரியா தின நீண்ட வார இறுதி, அதாவது மே 25க்கு முன்னால் வரும் திங்கட்கிழமை. அதற்குள் உறைபனி பெரும்பாலும் நின்றுவிடும். நகரத்தின் நடுவிலும் ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டியும் அதற்கு முன்பே நின்றுவிடுவதுண்டு. மார்க்கத்துக்கு வடக்கே, ஸ்டூவில் பக்கம் போனால் பிந்தும். எனவே தெரு தாண்டி இருக்கும் சொந்தக்காரர் நட்டுவிட்டார் என்பதைக் கேட்டு நீங்களும் ஓட வேண்டாம், அவருடைய வளவு உங்களுடையதைவிடத் தாழ்வாகவோ காற்றுக்கு மறைவாகவோ இருக்கலாம். உறைபனி நின்றால் மட்டும் நம்முடைய பயிர்களுக்குப் போதாது. இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் வரை கத்தரியும் மிளகாயும் சாகாது, ஆனால் அசையாமல் நிற்கும். அப்படி ஒருமுறை முடங்கிய கன்று தெளிந்து வளரப் பல வாரம் எடுக்கும். ஆகவே வெப்பப் பயிர்களுக்கு நடும் நாள் என்று மே 25ஐ நான் பிடித்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து பின்னோக்கி 10 வாரம் போனால் மார்ச் 16. அது கத்தரிக்கும் மிளகாய்க்கும் உரிய நாள். கொச்சி மிளகாய் முளைக்கவும் வளரவும் மிக மெதுவானது, அதைப் பெப்ரவரி கடைசியிலேயே போட்டுவிடலாம். தக்காளிக்கு 6 முதல் 7 வாரம் போதும், ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்குள் போடுங்கள். வெண்டி, பாகல், புடோல், பீர்க்கு, சுரை எல்லாவற்றுக்கும் 3 முதல் 4 வாரம், அதாவது ஏப்ரல் கடைசி தொடங்கி மே முதல் வாரம் வரை. லீக்ஸும் வெங்காயமும் விதையிலிருந்து வளர்ப்பவர்கள் பெப்ரவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். கோவாவும் பூக்கோவாவும் குளிரைத் தாங்கும். அவற்றை மார்ச் நடுவில் போட்டு, ஏப்ரல் கடைசியில் வெளியே நட்டுவிடலாம்.

இந்த நாள்களில் அதிகம் மீறப்படுவது தக்காளியின் நாள். குளிர்காலம் நீண்டு மனம் சலித்துப்போய், பெப்ரவரி முதல் கிழமையிலேயே தக்காளி விதை போட்டுவிடும் வீடுகள் நிறைய. மே வரும்போது அந்தக் கன்று இரண்டடி உயரத்துக்கு மெலிந்து வளர்ந்து, வேர் சாடிக்குள்ளேயே சுற்றி, பூவும் பூத்துவிடும். அதைத் தோட்டத்தில் நட்டால் வேரைப் புதுப்பிக்கவே வாரங்கள் போகும். ஏப்ரலில் போட்டு, ஒரு சாண் உயரத்தில் தடித்த தண்டோடு நிற்கும் கன்றோ நட்ட மறுகிழமையே வளரத் தொடங்கி, ஜூலைக்குள் பெரியதை முந்திவிடும். முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்பது இந்த ஊரில் உண்மையல்ல. விதை போட ஆசை பொங்கினால் அந்த ஆசையை லீக்ஸில் காட்டுங்கள்.

விதை எங்கே வாங்குவது? ஸ்காபரோ, மார்க்கம் தமிழ்க் கடைகளிலும் சீனக் கடைகளிலும் நம்முடைய மரக்கறி விதைகள் வசந்தம் தொடங்கும் முன்பே வந்துவிடும். பையின் பின்புறத்தில் எந்த ஆண்டுக்குப் பொதி செய்தது என்று பாருங்கள். வெங்காய விதை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு தாங்கும். மிளகாய் இரண்டு மூன்று ஆண்டு. தக்காளியும் கத்தரியும் ஈரமில்லாமல் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை முளைக்கும். சந்தேகமான விதையை முன்கூட்டியே சோதிப்பது சுலபம்: பத்து விதையை ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி, சிப் பையில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறு முளைத்தால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டி விதையுங்கள். மூன்றுதான் முளைத்தது என்றால் புது விதை வாங்குங்கள்.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஊருக்கு ஊர் ‘சீடி சாட்டர்டே’ என்ற விதைப் பரிமாற்ற நாள் நடக்கிறது. 1990இல் வன்கூவரில் தொடங்கிய வழக்கம் இது. இப்போது கனடா முழுவதும் பரவிவிட்டது. இங்குள்ள காலநிலையில் பல ஆண்டு வளர்த்துத் தெரிந்தெடுத்த விதை அங்கே கிடைக்கும். நம்மவர்கள் இந்த நாளை இன்னும் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். பாகல் விதையோடும் பயற்றங்காய் விதையோடும் போனால், அவற்றுக்கு ஆசையோடு கை நீட்டும் தோட்டக்காரர்கள் அங்கே இருப்பார்கள். ஊரிலிருந்து விதை கொண்டுவரும் எண்ணம் இருந்தால், கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் விதிகளை முதலில் பாருங்கள், எல்லையில் மறைக்காமல் சொல்லுங்கள். விதையோடு பயிர் நோயும் பயணம் செய்யும் என்பதால்தான் அந்த விதிகள்.

ஊர் விதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை அறியாமல் ஒரு கோடைகாலம் முழுவதும் கொடியை வளர்த்து ஒரு காயும் காணாதவர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். சில பயிர்கள் பகல் சுருங்கினால்தான் பூக்கும். சிறகவரையும் பழைய அவரை இனங்கள் பலவும் அந்த வகை. இங்கே அவை பச்சைப் பசேலென்று வேலி முழுவதும் படர்ந்து, செப்ரெம்பரில் பகல் குறைந்ததும் மொட்டு வைக்கும், காய் முற்ற முன் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். நீங்கள் செய்யும் பிழை எதுவும் இல்லை, பசளை கூட்டிப் போட்டாலும் மாறாது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அவரை இனம் என்று எழுதியிருக்கும் விதையாக வாங்குங்கள், அல்லது இந்த நாட்டில் ஒருவர் காய் பறித்த கொடியின் விதையைக் கேட்டு வாங்குங்கள். பாகல், புடோல், கத்தரி, வெண்டியில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

இனி மண். தோட்டத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது சிறிய சாடியில் இறுகிவிடும், நோய்க்கிருமியும் பூச்சி முட்டையும் கூடவே வரும். கடையில் ‘சீட் ஸ்டார்ட்டிங் மிக்ஸ்’ என்று விற்பது போதும். அதில் பீட் அல்லது தும்புத் தூள், காற்றுப் புக பேர்லைட், ஈரம் பிடிக்க வேர்மிகுலைட் இருக்கும். அமுக்கிய கட்டியாக வரும் தும்புத் தூளில் பெரும் பகுதி இலங்கையிலும் இந்தியாவிலும் தென்னை உரிமட்டையிலிருந்து கிடைப்பது. பீட்டைவிட அதையே நான் விரும்புகிறேன். காய்ந்தாலும் பிறகு நீரைச் சுலபமாக இழுக்கும், வடக்கின் சதுப்பு நிலத்தைத் தோண்டவும் தேவையில்லை. சாடியில் நிரப்புவதற்கு முன்பே ஒரு பெரிய வாளியில் இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிசையுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் ஓரிரு துளி நீர் சிந்த வேண்டும், ஒழுகக் கூடாது.

தயிர்க் கோப்பை, பால் பெட்டி, எதுவும் சாடியாகும், அடியில் ஓட்டை இருந்தால். சென்ற ஆண்டுச் சாடிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கலவையில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். பெயர்ச்சீட்டை பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். இரண்டு இலைப் பருவத்தில் கறிமிளகாயையும் பச்சைமிளகாயையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

விதையை அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போடுங்கள். பிறகு வருவதுதான் இந்த நாட்டில் அதிகம் பிழைக்கும் இடம்: சூடு. விதைக்குத் தேவையானது அறைக் காற்றின் சூடல்ல, மண்ணின் சூடு. வீட்டில் தேர்மோஸ்டாட் 21 பாகை காட்டினாலும், ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் சாடி மண் அதைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருக்கும். யன்னல் விளிம்பில் இரவில் இன்னும் இறங்கிவிடும். கத்தரியும் மிளகாயும் பாகலும் 27 முதல் 30 பாகையில் மகிழ்ச்சியாக முளைக்கும். 18 பாகையில் அவை மூன்று வாரம் உறங்கும், அல்லது உள்ளேயே அழுகும். ‘விதை சரியில்லை’ என்று எறியப்படும் சாடிகளில் பலவற்றில் விதை சரியாகத்தான் இருந்திருக்கும், மண்தான் குளிர்ந்திருக்கும். சாடிக்குக் கீழே விரிக்கும் ஹீட் மேட் ஒன்று வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் பொருள்களில் இரண்டுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால், ஒளிவிளக்குக்கு அடுத்தபடியாக இதையே வாங்கச் சொல்வேன். அது இல்லாதவர்கள் பேஸ்மென்டில் ஃபேர்னஸ் இருக்கும் அறையில் வைக்கலாம். முளைக்கும் வரை வெளிச்சம் பெரும்பாலான மரக்கறிக்குத் தேவையில்லை. மேலே ஒளி ஊடுருவும் மூடி போட்டால் ஈரம் நிற்கும்.

பாதி விதை தலைகாட்டியதுமே எல்லாம் தலைகீழாக மாற வேண்டும். மூடியை எடுங்கள், ஹீட் மேட்டை நிறுத்துங்கள், விளக்கின் கீழே கொண்டுபோங்கள். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். சூடு நிறைய, வெளிச்சம் குறைவு என்றால் கன்று வெளிச்சத்தைத் தேடி உயரத்தில் மட்டும் ஓடும், தண்டு தடிக்காது. வெளிச்சம் நிறைய, சூடு கொஞ்சம் குறைவு என்றால் குட்டையாகத் தடித்து வளரும். தக்காளி நாற்றுக்குப் பகலில் 18 முதல் 20 பாகையும் இரவில் 16 பாகையும் தாராளம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு பாகை கூட்டுங்கள்.

தெற்கு நோக்கிய யன்னல் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மார்ச்சில் இங்கே முகில் மூடிய நாள்கள் அதிகம், கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும், ஒளி ஒரு பக்கமிருந்து மட்டும் வரும். ஏப்ரல் கடைசியில் போடும் பாகலுக்கு நல்ல யன்னல் போதும். மார்ச்சில் போடும் கத்தரிக்குப் போதாது. விலை கூடிய ஊதா நிற விளக்கு தேவையில்லை. வன்பொருள் கடையில் விற்கும் நான்கடி எல்.இ.டி. கடை விளக்கு, 5000 முதல் 6500 கெல்வின் என்று எழுதியது, இரண்டு வாங்கிச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாணுக்குள் இருக்கட்டும், கன்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள். கூரையில் எரியும் விளக்கு கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும், கன்றுக்கு அது இருட்டு. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம், டைமர் போட்டு வையுங்கள். இரவில் அணைய வேண்டும், இருளும் கன்றுக்குத் தேவை. ஒரு சிறிய மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் காற்றுக்கு ஆடி ஆடித் தண்டு உறுதிப்படும்.

அந்த மின்விசிறி இன்னொரு காரியத்தையும் செய்யும். நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று அடித்தண்டு கறுத்து, நூலால் கட்டி இறுக்கியது போல மெலிந்து, சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா என்ற கிருமிகள் ஈர மண்ணில் இருந்துகொண்டு இளந்தண்டைத் தாக்குவதால் வருவது. விழுந்த கன்றைக் காப்பாற்ற மருந்தில்லை. வராமல் தடுக்கலாம்: மேற்பரப்பு காயாமல் நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், காற்றை ஓடவிடுங்கள், நெருக்கமாக முளைத்ததைக் கத்தரியால் நறுக்கி ஐதாக்குங்கள். நீரை மேலே ஊற்றாமல், தட்டில் இளஞ்சூட்டு நீர் விட்டு அதில் சாடியை அரை மணி நேரம் வைத்து எடுங்கள். வேர் கீழ்நோக்கி இறங்கும், மேல்மண் காய்ந்தே இருக்கும். சிறு கறுப்பு ஈக்கள் சாடிகளைச் சுற்றிப் பறந்தால் அதுவும் ஈரம் கூடியதன் அறிகுறி. மஞ்சள் ஒட்டுத்தாள் அவற்றைப் பிடிக்கும், ஆனால் நீரைக் குறைத்தால்தான் குறையும். நமக்கு நீர் ஊற்றாமல் இருப்பது கடினம், வெயில் ஊரின் கை இது. சாடியைத் தூக்கிப் பாருங்கள், பாரமாக இருந்தால் இன்று நீர் வேண்டாம்.

பாகல் விதைக்குத் தடித்த ஓடு. நகவெட்டியால் ஓரத்தில் மெல்லக் கிள்ளி, இரவு முழுவதும் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றிச் சூட்டில் வையுங்கள். வெள்ளை முளை தெரிந்ததும் ஒவ்வொன்றாகச் சாடிக்கு மாற்றுங்கள். புடோலுக்கும் பீர்க்குக்கும் இதே முறை. வெண்டியை ஊறவைத்தால் போதும். இந்தக் கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது, ஆகவே கடதாசிச் சாடியிலேயே விதைத்து சாடியோடு நடுங்கள். பீட் சாடியாக இருந்தால் மண்ணுக்கு மேலே நிற்கும் விளிம்பைக் கிழித்துவிடுங்கள், அது திரியாக நின்று வேரிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். கீரையையும் பயற்றங்காயையும் வீட்டுக்குள் போட்டுச் சிரமப்பட வேண்டாம், ஜூன் தொடங்கி மண் சூடேறியதும் நேராகப் பாத்தியில் தூவினால் அவை பிந்தியதை ஈடுகட்டும். எதிர்த் திசையில், கொத்தமல்லியும் வெந்தயமும் குளிரை விரும்பும். மல்லியை உருட்டி இரண்டாக உடைத்து ஏப்ரல் கடைசியிலேயே வெளியே விதைக்கலாம். கோடை வெயிலில் அது உடனே பூத்துவிடும்.

பூவிதையைப் பலர் பிற்பாடு பார்ப்போம் என்று விடுகிறார்கள், ஆனால் சிலவற்றுக்கு நாள் முந்தியது. பெற்றூனியாவும் ஸ்னாப்டிராகனும் தூசு போன்ற விதை, மார்ச் தொடக்கத்திலேயே போட வேண்டும், மண்ணால் மூடக் கூடாது. ஒளி பட்டால்தான் முளைக்கும். ஈர மண்ணின் மேல் தூவி, மூடி போட்டு, நேரே விளக்கின் கீழ் வையுங்கள். மேரிகோல்ட் என்று விற்கும் செவ்வந்திக்கு ஆறு வாரம். அது தோல்வியே தெரியாத பூ, பிள்ளைகளின் கையில் கொடுக்க அதைவிட நல்ல விதை இல்லை. சினியாவும் கொஸ்மோஸும் நான்கு வாரம், அல்லது ஜூனில் நேரே நிலத்தில். இந்த மண்ணுக்குரிய பூக்கள் வேறு விதம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு உண்ணும் மில்க்வீட் விதைக்கு ஒரு குளிர்காலம் கழிந்தது தெரிய வேண்டும். ஈர மணலோடு பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதமாவது வைத்த பிறகே விதையுங்கள். உறைய வைக்கும் தட்டில் அல்ல, கீழே மரக்கறித் தட்டில்.

வித்திலைக்கு அடுத்து இரண்டு சோடி உண்மையிலை வந்ததும் பெரிய சாடிக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள், வித்திலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் கன்று போய்விடும். தக்காளியை மட்டும் வித்திலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் முன்பிருந்த ஆழத்திலேயே வையுங்கள். இப்போதுதான் பசளை, பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசி, வாரம் ஒருமுறை.

மே நடுப்பகுதியில் நாற்று வெளியே போகப் பழக வேண்டும். விளக்கின் கீழ் வளர்ந்த இலைக்கு வெயிலும் காற்றும் தெரியாது. நேரே வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, பிறகு காலை வெயில் கொஞ்சம் என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக் கூட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சோதனை. வார நாளில் கிழக்குப் பக்கச் சுவரோரம், நாள் முழுவதும் பெரும்பாலும் நிழல் விழும் இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். 12 பாகைக்குக் கீழே இறங்கும் இரவில் உள்ளே எடுங்கள். பலத்த காற்று வெயிலைவிட மோசம்.

நடுவதற்கு முகில் மூடிய மாலையைத் தெரிந்தெடுங்கள். நட்ட பிறகும் எப்போதாவது உறைபனி எச்சரிக்கை வரும். அன்று மாலை மண்ணுக்கு நீர் விட்டு, தடி நட்டு, பழைய படுக்கை விரிப்பால் கன்றுகளை நிலம் வரை மூடுங்கள். பிளாஸ்டிக் இலையில் படக் கூடாது, பட்ட இடம் உறைந்துவிடும். காலையில் சூரியன் ஏறியதும் விரிப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெந்துபோகும். மூடியும் கருகிய கன்றுகளுக்குப் பதிலாக நட, ஒவ்வொரு வகையிலும் இரண்டு நாற்றை ஜூன் முதல் கிழமை வரை சாடியிலேயே வைத்திருங்கள்.